செப்டம்பரில் பிரிட்டனி: சேன் மாலோ, மோன் சேன் மிஷேல் போகத் திட்டம், யோசனை தேவை

திருவல்லிக்கேணிக்காரன்

வணக்கம். செப்டம்பர் நடுவில் குடும்பத்தோடு பிரான்ஸ் வருகிறோம். பாரிஸில் மச்சான் வீடு இருக்கிறது, அதனால் அங்கே தங்குவதற்குக் கவலை இல்லை. அங்கிருந்து நாலைந்து நாள் மேற்குக் கடற்கரைப் பக்கம், பிரிட்டனிக்குப் போகலாம் என்று நினைக்கிறோம். நான், மனைவி, பத்து வயதுப் பையன், அம்மா. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சமதரையில் நன்றாக நடப்பார், படி என்றால்தான் முட்டி பிடித்துக்கொள்ளும். பையனுக்குக் கடற்கொள்ளையர் பைத்தியம், சேன் மாலோ என்ற துறைமுக ஊரின் பெயரே அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கேள்விகள்: பாரிஸிலிருந்து காலையில் கிளம்பி இரவே திரும்பும் பேருந்துச் சுற்றுலாவில், கடல் நடுவே மலை மேல் மடாலயம் இருக்கும் மோன் சேன் மிஷேலைப் பார்த்தால் போதுமா? கார் எடுக்கலாமா, ரயிலே போதுமா? சாப்பாடு எப்படி? அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மனைவி முட்டை சாப்பிடுவார். போனவர்கள், அங்கேயே இருப்பவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

ரென்_வாசி

நான் ரென் நகரத்தில் இருக்கிறேன், நீங்கள் கேட்கும் இடமெல்லாம் எனக்கு வாரக்கடைசி இடங்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் ஒரு வேலை செய்யுங்கள். ஹோட்டல் பதிவு செய்வதற்கு முன் நாட்காட்டியில் செப்டம்பர் அமாவாசையும் பௌர்ணமியும் என்றைக்கு என்று பாருங்கள்.

ஏன் என்றால், சென்னையில் ஓதம், அதாவது கடல் மட்டம், ஏறுவதும் இறங்குவதும் ஒரு மீட்டர் சொச்சம்தான், மெரினாவில் நிற்கிறவருக்கு அது கண்ணிலேயே படாது. சேன் மாலோவில் பெரிய ஓத நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே 12 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். நாலு மாடி உயரத்துக்குத் தண்ணீர் வந்து, ஆறு மணி நேரத்தில் போய்விடுகிறது. காலையில் கோட்டைச் சுவரில் அலை அடித்துக்கொண்டிருந்த இடத்தில் மதியம் குழந்தைகள் பந்து விளையாடுவார்கள். ஒரே ஊரில் இரண்டு ஊர் இருக்கிறது, எந்த நேரத்தில் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து போனால்தான் பயணம் முழுசாகும்.

ஓத அட்டவணை சுற்றுலா அலுவலகத்தில் கிடைக்கும். நேரத்துக்குப் பக்கத்தில் 20 முதல் 120 வரை ஒரு எண் போட்டிருக்கும், அதுதான் ஓதத்தின் பலம். 70 என்றால் சராசரி. 95-க்கு மேல் என்றால் பெரிய ஓதம். அமாவாசை, பௌர்ணமி கழித்து ஒன்றிரண்டு நாளில் அது வரும், அதிலும் மார்ச், செப்டம்பர் மாதங்களில்தான் ஆண்டின் மிகப் பெரிய ஓதங்கள். நீங்கள் வரும் மாதம் அருமையான மாதம்.

இன்னொன்று, வெளியூர்க்காரர்கள் பலர் கவனிக்காதது. இந்தக் கரையில் பெரிய ஓத நாட்களில் ஏற்றம் எப்போதும் காலை எட்டு, ஒன்பது மணி வாக்கிலும் இரவு அதே நேரத்திலும்தான் வரும், வற்றம் பிற்பகல் மூன்று, நாலு மணிக்கு. சிறிய ஓத நாட்களில் இது தலைகீழ், நடுப்பகலில் தண்ணீர் நிரம்பி நிற்கும். ஆகவே பெரிய ஓத நாளில் போனால் மதியச் சாப்பாடு முடித்து மணலில் இறங்கி கிரான் பே தீவுக்கு நடந்து போய்வந்து, சாயங்காலம் சுவர் மேல் நின்று கடல் திரும்பி வருவதைப் பார்க்கலாம். எல்லாம் ஒரே நாளில்.

வடமராட்சியான்

வணக்கம் தம்பி. பாரிஸிலதான் இருக்கிறன், ஊரிலயிருந்து ஆர் வந்தாலும் மோன் சேன் மிஷேலுக்குக் கூட்டிக்கொண்டு போறது என்ர வேலை. ஒருநாள் பஸ் சுற்றுலா வேண்டாம். போக நாலு மணித்தியாலத்துக்கு மேல, வர அதே அளவு, அங்க நிக்கிறது கொஞ்ச நேரம். அதுவும் எல்லா பஸ்ஸும் ஒரே நேரத்தில வந்து இறங்கும், அந்த ஒரே ஒரு தெருவில ஆளை ஆள் இடிச்சுக்கொண்டுதான் ஏற வேணும். அம்மாவோட அது சரிவராது.

இரவு பக்கத்தில தங்கினால் கதையே வேற. சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு பஸ் எல்லாம் போயிடும். வெளிச்சம் சாயிற நேரத்தில பாலத்தில நடந்து போய்ப் பாருங்கோ.

படியைப் பற்றிச் சொல்லுறன். வாகனத் தரிப்பிடம் மலையிலயிருந்து இரண்டரை கிலோமீட்டர் தள்ளி. அங்கயிருந்து இலவச பஸ் இருக்கு, வாசலுக்குச் சுமார் 400 மீட்டர் முன்னால இறக்கிவிடும். அதுவரை அம்மாவுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் மேல மடாலயத்துக்குப் போக சுமார் 350 படி, கல்லுப்படி, சில இடத்தில தேய்ஞ்சு வழுக்கும். ஊருக்குள்ள போய் முதல் வளைவு வரைக்கும் கூட்டிக்கொண்டு போகலாம், பிறகு மதில் பக்கம் இருக்கிற இடத்தில இருத்திவிட்டு நீங்கள் மாறி மாறி மேல போய் வாங்கோ. உள்ள ஏற முடியேல்லை எண்டு அம்மா கவலைப்படத் தேவையில்லை, அந்த மலை வெளியிலயிருந்து பார்க்கத்தான் அதிகம் வடிவு.

கல்லும்_கடலும்

ஒரு மாற்றுக் கருத்து. சேன் மாலோவுக்கு இவ்வளவு முக்கியத்துவம் வேண்டுமா? நீங்கள் அங்கே பார்க்கப்போகும் "பழைய" வீடுகள் பெரும்பாலும் 1950-களில் கட்டியவை. 1944 ஆகஸ்டில் அமெரிக்கக் குண்டுவீச்சிலும் பீரங்கித் தாக்குதலிலும் ஊர் எரிந்துபோனது, சுவருக்குள் இருந்த 865 கட்டடங்களில் 182 மட்டும் மிஞ்சின. உண்மையான பழைய ஊர் வேண்டும் என்றால் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் தினான் இருக்கிறது. மரச்சட்ட வீடுகள், நடுக்கால மதில், துறைமுகத்துக்கு இறங்கும் ழெர்சுவால் தெரு. அதில் காலில் படும் ஒவ்வொரு கல்லும் பழையது. அம்மாவால் அந்தச் சரிவில் இறங்க முடியாது, மேல் ஊர் சமதரைதான், அதுவே போதும்.

அப்புறம் நேரம் இருந்தால் தெற்கே கார்னாக். சுமார் 3000 நடுகற்கள், வரிசை வரிசையாக, கிலோமீட்டர் கணக்கில். எகிப்தின் பிரமிடுகளைவிட வயது கூடிய கற்கள். 2025 ஜூலையில்தான் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். என்னைக் கேட்டால் பிரிட்டனியின் இதயம் அங்கேதான். ஒரு விஷயம், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கற்களுக்கு நடுவே தனியாக நடக்க விடமாட்டார்கள், வழிகாட்டியோடுதான். அக்டோபரிலிருந்து திறந்துவிடுவார்கள். ஆனால் வேலிக்கு வெளியே நடந்தாலே முழு வரிசையும் தெரியும்.

ரென்_வாசி

@கல்லும்_கடலும் தினான் பற்றிச் சொன்னதை முழுதாக ஏற்கிறேன், கட்டாயம் அரை நாள் கொடுக்கலாம். ஆனால் சேன் மாலோ போலி ஊர் என்று ஒருவர் நினைத்துக்கொண்டு தாண்டிப் போய்விடக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ஊர் எரிந்தபிறகு இரண்டு வழி இருந்தது. லெ ஆவ்ர் நகரத்தில் செய்தது போல எல்லாவற்றையும் வழித்துவிட்டு கான்கிரீட்டில் புது நகரம் கட்டுவது ஒன்று. சேன் மாலோக்காரர்கள் அதை எடுக்கவில்லை. லூயி அரெத்ஷ் என்ற கட்டடக் கலைஞர் பொறுப்பெடுத்து, அதே கருங்கல், அதே சரிந்த கூரை, அதே உயரமான புகைபோக்கி என்று சுவருக்குள் ஊரை மறுபடி எழுப்பினார். தெருக்களைக் கொஞ்சம் அகலமாக்கினார்கள், வீடுகளுக்குள் வெளிச்சம் வரும்படி செய்தார்கள். பேராலயத்தின் கோபுர முனை 1970-களின் தொடக்கத்தில்தான் முடிந்தது. அதாவது கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரு ஊர் தன்னைத்தானே திரும்பக் கட்டியிருக்கிறது. எனக்கு அது பழைய கல்லுக்குக் குறைந்ததாகத் தோன்றவில்லை.

மேலும் மதில் தப்பித்தது. கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் சுற்று, மேலே நடக்கலாம். உச்சியில் ஏறிவிட்டால் பெரும்பாலும் சமதரை, அம்மாவுக்குக் கஷ்டம் அந்த முதல் படிக்கட்டு மட்டும்தான். மேற்குப் பக்கம் வந்ததும் கீழே போன் செக்கூர் கடற்கரை தெரியும். அங்கே கடலுக்குள்ளேயே ஒரு சுவர் கட்டி நீச்சல் குளம் வைத்திருக்கிறார்கள், கான்கிரீட் குதிமேடையோடு. ஏற்றத்தில் குளம் முழுகி அந்த மேடை மட்டும் நடுக்கடலில் நிற்கும். தண்ணீர் இறங்க இறங்க முதலில் குளத்தின் விளிம்பு ஒரு கோடாகத் தெரியும், பிறகு சுவர், பிறகு அதைச் சுற்றி ஈர மணல், கடைசியில் கடல் எங்கோ போயிருக்கும், குளத்தில் மட்டும் தண்ணீர் தங்கியிருக்கும். பையனை அங்கே ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள், ஓதம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

புதுவைப்_பறவை

கடற்கொள்ளையர் என்று பையன் சொன்னானே, அதைப் பற்றி நான் எழுத வேண்டும். நான் புதுச்சேரிக்காரி, இப்போது பாரிஸ் பக்கம்.

சேன் மாலோக்காரர்கள் அந்தச் சொல்லைக் கேட்டால் திருத்துவார்கள், எங்கள் ஆட்கள் அரசனின் அனுமதிப் பத்திரம் வாங்கி எதிரி நாட்டுக் கப்பலை மட்டும் பிடித்தவர்கள் என்பார்கள். சரி. ஆனால் அந்தக் கப்பல்கள் எங்கே பிடிபட்டன என்று பாருங்கள். மதில் மேல் கையை நீட்டி நிற்கும் சிலை ரொபேர் சுர்கூஃப். 1800-ல் கென்ட் என்ற பெரிய ஆங்கிலேயக் கம்பெனிக் கப்பலைச் சிறிய கப்பலில் போய் அவர் பிடித்தது வங்காள விரிகுடாவில். அதாவது நம் கடலில்.

அவருக்கு அரை நூற்றாண்டு முன்னால் இன்னொருவர், மாஹே தெ லபூர்தொனே. 1699-ல் சேன் மாலோவில் பிறந்தவர். 1746 செப்டம்பரில் மொரீஷியஸிலிருந்து கப்பல்களோடு வந்து சென்னை புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தவர் இவர்தான். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகப் பழக்கம். கோட்டையை வைத்து என்ன செய்வது என்பதில் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேக்ஸோடு சண்டை, அப்புறம் ஊர் திரும்பியதும் பாஸ்தீய் சிறை. திருவல்லிக்கேணிக்காரரே, உங்கள் ஊரிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் கோட்டையைப் பிடித்தவர் பிறந்த ஊருக்கு நீங்கள் போகிறீர்கள்.

இவர் மொரீஷியஸின் ஆளுநராக இருந்து போர் லூயி துறைமுகத்தைக் கட்டியபோது புதுச்சேரியிலிருந்து கொத்தனார்கள், தச்சர்கள் போனார்கள். அடிமைகளும் போனார்கள். சுர்கூஃபும் அடிமை வியாபாரம் செய்தவர். ஊரில் இருக்கும் அழகான கப்பல் முதலாளி மாளிகைகளைப் பார்க்கும்போது பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பையனுக்குச் சொல்லுங்கள். பத்து வயதில் புரியும்.

வடமராட்சியான்

புதுவை அக்கா சொன்னது சரி, ஆனால் பெடியன் ஆசையா வாறான், முதல் நாளே பாரத்தை ஏத்த வேண்டாம். கோட்டையையும் பீரங்கியையும் பார்க்கட்டும், மிச்சம் வளர்ந்தாப் பிறகு விளங்கிக்கொள்ளுவான்.

புதுவைப்_பறவை

அண்ணா, பீரங்கியையும் பார்க்கட்டும், அதையும் கேட்கட்டும் என்றுதான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பாட்டி இந்தக் கம்பெனிக் கதைகளைச் சின்ன வயதிலேயே சொல்லித்தான் வளர்த்தார், அதனால் கப்பல் மேல் எனக்கு ஆசை குறையவில்லை.

இதற்கு ஒரு நல்ல இடமும் இருக்கிறது. தெற்குக் கரையில் லோரியான். பிரெஞ்சு அரசனின் அமைச்சர் கொல்பேர் 1664-ல் தொடங்கிய பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, கப்பல் கட்ட 1666-ல் உருவாக்கிய ஊர் அது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்கள் அங்கே நீர்மூழ்கித் தளம் கட்டினார்கள், 1943 தொடக்கத்தில் விழுந்த குண்டுகளில் ஊர் அழிந்தது, தளம் மட்டும் அப்படியே நின்றது, இன்றைக்கும் நிற்கிறது. அதனால் ஊரில் பழையது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் எதிர்க்கரையில் போர் லூயி கோட்டைக்குள் கம்பெனியின் அருங்காட்சியகம் இருக்கிறது, லோரியானிலிருந்து படகிலேயே போகலாம். மொரீஷியஸிலும் இதே பெயர், குழம்ப வேண்டாம். கப்பல் மாதிரிகள், சீனப் பீங்கான், மிளகு, அப்புறம் நம் கரையில் நெய்து சாயம் போட்ட பருத்தித் துணிகள். அந்தத் துணிக்கு இங்கே அப்படி ஒரு மோகம், உள்ளூர் நெசவாளர்கள் பிழைக்க முடியாது என்று 1686-ல் அரசே தடை போட்டு, 1759 வரை தடை இருந்தது, இருந்தும் ஜனங்கள் திருட்டுத்தனமாக வாங்கி உடுத்தினார்கள். சோழமண்டலக் கரையின் துணியை அட்லாண்டிக் கரையில் ஒரு கோட்டைக்குள் கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பது எனக்கு நெஞ்சை அடைத்த அனுபவம்.

திருவல்லிக்கேணிக்காரன்

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. லபூர்தொனே விஷயம் எனக்குத் தெரியாது, அம்மாவிடம் படித்துக் காட்டினேன், அவருக்கு மோன் சேன் மிஷேலைவிட இப்போது அந்தத் துணி பார்க்கத்தான் ஆசை. அவர் பிறந்த வீடு காஞ்சிபுரத்தில் நெசவுத் தெருவில்.

சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே?

நெய்தல்

நான் சொல்கிறேன், பிரிட்டனியில் சைவமாகவே காலம் தள்ளுகிறவள்.

உங்களைக் காப்பாற்றப் போவது கலெத். பாப்பரை (buckwheat) என்ற தானிய மாவில் மெல்லிசாக ஊற்றும் உப்புத் தோசை என்று வைத்துக்கொள்ளுங்கள், எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும். அட்டையில் முதலில் இருக்கும் "கொம்ப்ளெத்" பன்றி இறைச்சி, முட்டை, சீஸ் மூன்றும் சேர்ந்தது, அதைச் சொல்லிவிடாதீர்கள். சீஸ் மட்டும், காளான், கீரை, வெங்காயம் என்று தனித்தனியாகக் கேட்டால் போட்டுத் தருவார்கள்.

அம்மாவுக்காக இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, மாவில் முட்டை சேர்க்கிறார்களா என்று. பழைய முறையில் மாவு, தண்ணீர், உப்பு மட்டும்தான், ஆனால் சில கடைகளில் ஒரு முட்டை உடைத்து ஊற்றுவார்கள். இரண்டு, கல்லுக்கு என்ன தடவுகிறார்கள் என்று. பன்றிக் கொழுப்பு தடவுவது இங்கே பழைய வழக்கம், இன்னும் சில இடங்களில் உண்டு. வெண்ணெய் போடச் சொன்னால் முகம் சுளிக்க மாட்டார்கள், இது வெண்ணெய்க்காரர்கள் ஊர், அதுவும் உப்பு வெண்ணெய். இனிப்பு கிரேப் கோதுமை மாவில் பாலும் முட்டையும் சேர்த்துச் செய்வது, அது அம்மாவுக்கு ஆகாது. குயின் அமான் என்று துவார்னனே ஊரிலிருந்து வந்த ஒரு பலகாரம், மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் அடுக்கடுக்காக, அதை அம்மா கட்டாயம் சாப்பிட வேண்டும். ஆனால் மேலே முட்டை தடவினீர்களா என்று அதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மதியம் இரண்டு மணி தாண்டினால் பல கடைகளில் அடுப்பு அணைந்துவிடும், ஏழு மணி வரை ஒன்றும் கிடைக்காது. இது நம்மவர்களை ரொம்பப் படுத்தும். பையில் ரொட்டி, பழம், தயிர் வைத்துக்கொள்ளுங்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் கான்காலுக்குப் போகாமல் வரக் கூடாது. துறைமுக முனையில் சிப்பிக் கடைகள் வரிசையாக இருக்கும், தட்டில் ஒரு டஜன் திறந்து எலுமிச்சையோடு கொடுப்பார்கள், கடலைப் பார்த்த படியில் உட்கார்ந்து தின்றுவிட்டு ஓட்டைக் கீழே கரையில் எறிவார்கள். எறிந்து எறிந்து அந்தக் கரை முழுக்க வெள்ளை ஓடு. வற்றத்தில் அங்கிருந்தே சிப்பி வளர்க்கும் மேசைகளும் அவற்றின் நடுவே ஓடும் டிராக்டர்களும் தெரியும்.

கடற்காகம்

புதிதாகச் சேர்கிறேன். போகும் வழியில் நோர்மாண்டியில் பாயோ ஊரில் இருக்கும் பழைய தையல் ஓவியத் துணியையும் சேர்த்துக்கொள்ளலாமே? அப்புறம் மோன் சேன் மிஷேலைச் சுற்றி மணலில் வெறுங்காலோடு நடக்கிறார்களே, அது குழந்தையோடு முடியுமா? புதைமணல் என்கிறார்கள்.

ரென்_வாசி

பாயோ இப்போது வேண்டாம். 2025 செப்டம்பரிலிருந்து அருங்காட்சியகம் புதுப்பிக்க மூடியிருக்கிறது, 2027-ல்தான் திறக்கும்.

ஆனால் நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கும் தொடர்பு இருக்கிறது. சுமார் 70 மீட்டர் நீளமுள்ள அந்தத் துணியில், பதினோராம் நூற்றாண்டிலேயே, மோன் சேன் மிஷேல் மலையும் அதன் பக்கத்தில் கூவெனோன் ஆற்று மணலில் சிக்கிய வீரர்களை, பிறகு இங்கிலாந்து அரசனான ஹெரால்டு இழுத்துக் காப்பாற்றுவதும் தைத்து வைத்திருக்கிறார்கள். புதைமணல் உண்மை. கழுத்துவரை விழுங்கிவிடாது, முழங்கால்வரை போய்ப் பிடித்துக்கொள்ளும், ஆபத்து என்னவென்றால் நீங்கள் அங்கே மாட்டியிருக்கும்போது ஓதம் வந்துவிடும். இந்தக் குடாவில் கடல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் பின்வாங்கும், தரை தட்டை, வரும்போது முன்னால் மட்டும் வராது, வாய்க்கால் வழியாக உங்களுக்குப் பின்னால் முதலில் நிரம்பும். ஆகவே தனியாக இறங்கவே கூடாது. பதிவு பெற்ற வழிகாட்டிகள் இருக்கிறார்கள், குழந்தைகளையும் கூட்டிப் போவார்கள், அரைக்கால் சட்டை போதும். அவர்களே புதைமணலில் நிற்க வைத்துக் காலை எப்படி எடுப்பது என்று காட்டுவார்கள்.

ஓதத்தைப் பற்றிப் பேசும்போது அந்தப் பாலத்தையும் சொல்லிவிடுகிறேன். 1879-ல் மலைக்கு ஒரு கரைச்சாலை போட்டார்கள். அது தண்ணீர் ஓட்டத்தை மறித்து, வண்டல் சேர்ந்து சேர்ந்து மலையைச் சுற்றிப் புல்வெளியாகிக்கொண்டே வந்தது, விட்டிருந்தால் தீவு என்ற பேச்சே இருந்திருக்காது. 2009-ல் ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டினார்கள், ஏற்றத்தில் தண்ணீரைத் தேக்கி வற்றத்தில் திறந்துவிட்டு வண்டலைக் கடலுக்குத் தள்ளுவதற்காக. 2014-ல் கால்களின் மேல் நிற்கும் மெல்லிய பாலம் வந்தது, பழைய சாலையை எடுத்துவிட்டார்கள். இப்போது ஓத எண் 110 தாண்டும் நாட்களில் மலை மறுபடி முழுத் தீவாகிறது. கொஞ்ச நேரம் பாலத்தின் முனையில் கூடத் தண்ணீர் வரும், யாரும் உள்ளே போகவும் முடியாது, வரவும் முடியாது. அந்த நேரத்துக்கு அங்கே இருக்கப் பாருங்கள்.

கல்லும்_கடலும்

கார் பற்றி: எடுங்கள். பாரிஸிலிருந்து வேண்டாம், சேன் மாலோவுக்கோ ரென்னுக்கோ டிஜிவி அதிவேக ரயிலில் வந்து அங்கே வாடகைக்கு எடுங்கள். ரென்னுக்கு ஒன்றரை மணி நேரம். பிரிட்டனிக்குள் நெடுஞ்சாலைகளில் சுங்கம் கிடையாது. சேன் மாலோவில் சுவருக்குள் கார் கொண்டுபோக நினைக்காதீர்கள், வெளியே நிறுத்திவிட்டு நடக்கலாம்.

வடக்கே ப்ளூமனாக் பக்கம் இளஞ்சிவப்புக் கருங்கல் கரையும் இருக்கிறது. சாயங்கால வெயிலில் அந்தப் பாறைகள் செம்பு நிறத்துக்குப் போகும். நடுவே போகும் பாதை ஒரு காலத்தில் சுங்கக் காவலர்கள் கடத்தல்காரர்களைப் பிடிக்க ரோந்து போன பாதை, இப்போது ஜி.ஆர். 34 என்று சுமார் 2000 கிலோமீட்டர் பிரிட்டனிக் கரை முழுவதையும் சுற்றுகிறது. ஆனால் உங்கள் நாளுக்குள் அதையும் திணிக்கச் சொல்லமாட்டேன்.

திருவல்லிக்கேணிக்காரன்

சரி, இப்படி யோசித்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். பௌர்ணமிக்கு மறுநாள் சேன் மாலோ வந்து இரண்டு இரவு. ஒரு காலை தினான், ஒரு பிற்பகல் கிரான் பே. அப்புறம் கான்கால் வழியாக மோன் சேன் மிஷேல், அங்கே ஓர் இரவு. கடைசியில் லோரியான், போர் லூயி, அங்கே ஓர் இரவு, கார்னாக்கை வழியில் பார்த்துவிட்டு ரென், ரயில். கிரான் பேயில் என்ன இருக்கிறது? அம்மாவும் வரலாமா? பையன் பக்கத்தில் இருக்கும் இன்னொரு கோட்டையையும் கேட்கிறான்.

ரென்_வாசி

நல்ல திட்டம், ஒரு மாற்றம் மட்டும். ஓதம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளித் தள்ளி வரும், பலமும் மெல்லக் குறையும். உச்ச நாளை மோன் சேன் மிஷேலுக்கு வையுங்கள், சேன் மாலோவுக்கு 90 இருந்தாலே தாராளம். அதனால் பௌர்ணமிக்கு முந்தின நாளே சேன் மாலோ வந்துவிடுங்கள். தினான் போகும்போது ரான்ஸ் ஆற்றின் மேல் இருக்கும் அணைச் சாலை வழியாகப் போங்கள். அது வெறும் பாலம் இல்லை, 1966-ல் திறந்த ஓத மின்நிலையம், 24 சுழலிகள், 240 மெகாவாட், இந்த அளவில் உலகத்திலேயே முதலாவது. தண்ணீர் கொதிப்பது போலச் சுழித்து வெளியே வருவதைக் கார் நிறுத்திப் பார்க்கலாம். அறுபது ஆண்டாக இந்தக் கடலின் ஏற்ற இறக்கத்தில் விளக்கு எரிகிறது.

கிரான் பேயில் இருப்பது ஷத்தோபிரியானின் சமாதி. இந்த ஊரில் 1768-ல் பிறந்த எழுத்தாளர், காற்றும் கடலும் மட்டும் கேட்கும் இடத்தில் புதைக்கச் சொன்னார். ஒரு கல் சிலுவை, பெயர்கூட இல்லை. போகும் கல்பாதை வற்றத்தில்தான் தெரியும், பாசி பிடித்து வழுக்கும், அம்மாவை போன் செக்கூர் கரையில் உட்கார வைத்துவிட்டுப் போங்கள், அங்கிருந்து உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கிளம்பும் முன் கரையில் எழுதியிருக்கும் நேரத்தைப் படியுங்கள். பாதையில் தண்ணீர் ஏறிவிட்டால் ஓடிக் கடக்க முயலாதீர்கள், தீவிலேயே இருங்கள், ஆறு மணி நேரத்தில் வழி திறக்கும்.

பையன் கேட்கும் கோட்டை ஃபோர் நசியோனால். கோட்டைப் பொறியாளர் வோபானின் திட்டப்படி 1689-ல் கட்டியது. 1944 ஆகஸ்டில் ஜெர்மானியர்கள் ஊரின் ஆண்கள் நூற்றுக்கணக்கானவரைப் பிடித்து அங்கே அடைத்து வைத்தார்கள், அங்கிருந்துதான் அவர்கள் தங்கள் ஊர் எரிவதைப் பார்த்தார்கள். கோடை மாதங்களில்தான் திறப்பார்கள், அதுவும் வற்றத்தில் மட்டும். நேரம் கேட்டு யாரிடமும் அலைய வேண்டாம், கோட்டை மேல் கொடி பறந்தால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். சியோன் கரையில் அலை தடுக்க நட்டிருக்கும் பெரிய ஓக் மரத்தண்டுகள் பக்கம் நின்றாலே கொடி தெரியும்.

புதுவைப்_பறவை

போர் லூயி அருங்காட்சியகம் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை விடும், போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா அந்தத் துணியைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று இங்கே கட்டாயம் எழுதுங்கள், நெசவு தெரிந்தவர் கண்ணுக்கு என்ன படுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.